நித்தியகல்யாணியும் முள்ளாத்தா இலையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் காட்டினோம், கீமோ ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ஆரியங்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு பை முள்ளாத்தா (முள்சீத்தா) இலை கொடுத்தனுப்பி, "கீமோ விஷம், இதைக் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும்" என்கிறார். கீமோ மருந்தே செடியிலிருந்துதானே வருகிறது, இலையையே குடித்தால் என்ன என்று கேட்கிறாள் சித்தி. என்ன சொல்வது?

சு., புளியரை

அன்புள்ள சு.,

சித்தி சொல்வதில் பாதி சரி. வேலியோரம் பூக்கிற நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டுப்பூ என்று எங்கள் அம்மா அதை வாசலுக்குள் விடமாட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் சவநாறி என்றுதான் பெயர். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒத்துப்போகிற அபூர்வ விஷயம்.

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். அந்த இலை கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோதோ வெள்ளை அணுக்கள் சரிந்து, கிருமி தொற்றி எலிகள் செத்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று அங்கேதான் பொறி தட்டியது. அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958-இல் அறிவித்தது, இந்தச் செடியில் கிடைத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து. அதன் தம்பி வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

குடித்த எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சித்தியிடம் சொல்லுங்கள். 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம்தான் வழக்கமான உச்சவரம்பு. கூடினால் நரம்பைப் பதம் பார்த்துவிடும். அடுப்பில் கொதிக்கிற சட்டியில் இதையெல்லாம் யார் அளப்பது?

சரி, முள்ளாத்தா. பழம் எனக்கும் பிடிக்கும். இலையில் உள்ள அனோனசின் என்ற பொருள் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களைக் கொல்வது உண்மைதான். மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்துவதாக நிரூபணம் இல்லை. அதே அனோனசின் நரம்பணுக்களையும் கெடுக்கும். குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் காணப்படுவதாக 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். கீமோ விஷம் என்று உங்கள் சொந்தக்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை. இலையிலும் விஷம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சித்திக்கு ஏற்றப்போகும் மருந்துகளில் பாக்லிடாக்சல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதுவும் முதலில் ஒரு மரப்பட்டையில் கிடைத்ததுதான் என்று சொல்லலாம், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அப்புறம், அடுத்த முறை பஸ் ஏறும்போது அந்த இலைப் பையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இதுவரை எத்தனை டம்ளர் குடித்தாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.