அதே சாப்பாடு, பேத்திக்கு மட்டும் ஏன் எடை?

கேள்வி: மகள் குடும்பம் 6 வருடமாக டல்லாஸில் இருக்கிறது. பேத்திக்கு 13 வயது, போன வருடம் பெரியவளானாள். 2 வருடத்தில் 15 கிலோ கூடிவிட்டாள். பின்கழுத்து கருத்திருக்கிறது, கடலை மாவு தேய்த்தும் போகவில்லை. கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதையேதான் சாப்பிடுகிறார்கள். இவளுக்கு மட்டும் ஏன்? இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள். உளுந்தங்களி கொடுக்கலாமா?
- ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்தால் தோல் இப்படித் தடித்துக் கருக்கும். ஊருக்குக் கிளம்புவதற்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரியவளாகும் வயதில் கொஞ்சம் சதை போடுவது இயல்புதான். இது அந்தக் கணக்கில் வராது.

ஒரே உயரம், ஒரே எடை என்றாலும் வெள்ளைக்காரப் பெண்ணைவிட நம் பெண்ணுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றிச் சேரும். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்று தனி வளர்ச்சி அட்டவணை போட்டார்கள். அவள் எடையை அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற பிள்ளைகளும் தப்பிவிடவில்லை. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு, கறுப்பின, வெள்ளையினச் சிறுமிகளைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தது. 16, 17 வயதில் ஓய்வு நேரத்தில் ஓட்டமோ ஆட்டமோ எதுவுமே இல்லாதவர்கள் கறுப்பினப் பெண்களில் 56 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் 31 சதவீதம். 1990களில் நடந்த இன்னொரு ஆய்வில், ஆசியாவிலிருந்து குடியேறிய பிள்ளைகளைவிட, அங்கேயே பிறந்த ஆசியப் பிள்ளைகளிடம் உடல்பருமன் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

எல்லோரும் பீட்சாவைத் திட்டுகிறார்கள். நான் விசாரித்த குடும்பங்களில் கதை வேறு. காலையில் இட்லி, பள்ளியில் பீட்சாவும் ஜூஸும், நாலு மணிக்கு வந்ததும் சாம்பார் சாதம், ராத்திரி அப்பா அம்மாவோடு தோசை. நம் சாப்பாடு எங்கேயும் போகவில்லை, அதன் மேல் அவர்கள் சாப்பாடு ஏறிக்கொண்டது. போனது நடைதான். கடைக்கும் கார், பள்ளிக்கும் பஸ். பெரியவளானதும் விளையாட்டையும் நிறுத்திவிடுகிறோம். இந்தத் தப்பை இங்கேயும் செய்கிறோம், அங்கேயும் செய்கிறோம்.

சரி, களி விஷயம். உளுந்து நல்லதுதான். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கிற களி தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாளில் சுண்டல், முட்டை, கீரை கொடுங்கள். ஜூஸை அடியோடு நிறுத்துங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள், வளர்கிற பிள்ளை. சாயங்காலம் ஹரித்ராநதி தெப்பக்குளத்தின் நாலு கரையையும் அவளோடு சுற்றி வாருங்கள். டல்லாஸ் போனதும் நீச்சலோ நடனமோ, அவளுக்குப் பிடித்ததில் தினமும் ஒரு மணி நேரம்.

வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் "என்னடி இப்படிக் குண்டாயிட்டே?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு ஒளித்துவைத்துச் சாப்பிடுவதையும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் அவள் தனியாகப் பேசப் பத்து நிமிஷம் கொடுங்கள், நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.