வாசகர் கேள்வி – பதில்: புயல் கரையைக் கடக்கும் முன்

புயல் பருவம் நெருங்கும்போது வரும் கடிதங்களில் பாதி, புயலுக்கு எப்படித் தயாராவது என்ற ஒரே கவலையைத்தான் பேசுகின்றன. அட்லாண்டிக் கடலில் ஹரிக்கேன் என்றும் வடமேற்குப் பசிபிக்கில் டைபூன் என்றும் சொல்லப்படுவது ஒரே வகைப் புயல்தான். காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால் இந்தப் பெயர் கிடைக்கிறது. ஆகவே எந்தக் கரையிலிருந்து எழுதியிருந்தாலும் பதில் பெரிதாக மாறப்போவதில்லை.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தாலும், "இதைவிடப் பெரிய புயலையே இந்த வீட்டில் இருந்து பார்த்தவன் நான், இது வெறும் இரண்டாம் வகைதானே" என்று அசைய மறுக்கிறார். எப்படிப் புரியவைப்பது? – ஒரு மருமகள்

பதில்: அவர் சொல்வது பொய்யாக இராது, சிக்கலே அதுதான். 1969-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி கரையைத் தாக்கிய கமீல், ஐந்தாம் வகைப் புயல், அதாவது உச்ச வகை. அதில் நனையாமல் தப்பிய வீடுகளை நம்பி, 2005-இல் கத்ரீனா வந்தபோது பலர் வெளியேறாமல் இருந்துவிட்டார்கள். கரையைக் கடக்கும்போது கத்ரீனா மூன்றாம் வகைக்குத் தணிந்திருந்தது. ஆனால் அது தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர் கமீலின் அளவையும் மிஞ்சி, சில இடங்களில் 8 மீட்டருக்கும் மேலே ஏறியது. வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. கடல் எவ்வளவு உயரும் என்பதைப் புயலின் அகலமும், அது நகரும் வேகமும், கரையோரக் கடலின் ஆழமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன; மழையளவு தனிக் கணக்கு.

சொல் விளங்காததாலும் உயிர் போயிருக்கிறது. 2013 நவம்பரில் ஹையான் டைபூன் பிலிப்பீன்ஸின் தக்லோபன் நகரைத் தாக்குமுன் எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் அதிலிருந்த 'ஸ்டார்ம் சர்ஜ்' (புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர்) என்ற சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள். எனவே மாமனாரிடம் வகை எண்ணைப் பற்றி வாதாடாதீர்கள். உங்கள் பகுதியில் தரைக்கு மேல் 2 மீட்டர் நீர் ஏறலாம் என்று முன்னறிவிப்பு சொன்னால், கூடத்துச் சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அவரை அதன் அருகே நிற்கச் சொல்லுங்கள். கோடு அவர் தலைக்கு மேலே இருக்கும்.

இந்தப் பேச்சை வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். யார் வீட்டுக்குப் போவது, எந்த வழியாகப் போவது, அவருடைய மருந்துகளை யார் எடுப்பது, வளர்ப்புப் பிராணியை எங்கே விடுவது என்பதெல்லாம் அன்றே முடிவாகட்டும். (பூனையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கடைசி நேரத்தில் நின்றுவிடுவோர் உண்டு, அவர்களைக் கேலி செய்வதில் பயனில்லை, கூண்டு ஒன்று வாங்கிவைப்பதே மேல்.) கிளம்புவதைத் தள்ளிப்போட்டால் சாலையே எதிரியாகும்: 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் சிறிய காரை இழுத்துச் சென்றுவிடும்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்காக டேப் ஒட்டுவது போதுமா? காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கவும் சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் தவறு. டேப் கண்ணாடியை உடையாமல் காப்பதில்லை. உடையும்போது பெரிய, கூரிய துண்டுகளாக விழச் செய்து கூடுதல் ஆபத்தைத் தரலாம். திறந்த ஜன்னல் வழியே உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். கூரைக்கு மேலே வீசும் காற்றும் அதே கூரையை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். புயல் தாங்கும் ஷட்டர் இல்லாதவர்கள் 16 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன்னதாகவே அளந்து வெட்டி, திருகுகளுக்கான துளைகளையும் போட்டு, எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று பின்புறம் எழுதிவைக்க வேண்டும். பலத்த காற்று தொடங்கியபின் ஏணியில் ஏறக் கூடாது. கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் முதலில் பிய்த்துக்கொள்வது அதுதான்.

கேள்வி: நீரும் உணவும் எவ்வளவு சேர்த்துவைப்பது?

பதில்: ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் நீர், குறைந்தது மூன்று நாளுக்கு, இடமிருந்தால் ஒரு வாரத்துக்கு. உணவு, சமைக்காமல் உண்ணக்கூடியதாக இருக்கட்டும். மின்சாரம் போனபின் மூடியே வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும். வெளியேறுபவர்கள் ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே இருந்தவை உருகி மீண்டும் உறைந்தவை, அவற்றைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நடுவில் காற்று சட்டென்று நின்றுபோனால் வெளியே போய்ச் சேதத்தைப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்பும்.

கேள்வி: புயலுக்குப் பிறகு பயன்படுத்தலாம் என்று ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். மழையில் நனையாமல் தாழ்வாரத்தில் வைக்கலாமா?

பதில்: வைக்கவே கூடாது. 2020-இல் லாரா புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது, கடல்நீர் ஏறி இறந்தவர்களைவிட ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களே அதிகம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி, திறந்தவெளியில் வையுங்கள். மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள். சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீட்டு மின்கம்பிகளுக்கே மின்சாரம் கொடுக்க முயலாதீர்கள், தெருவில் கம்பி பழுது பார்ப்பவரின் உயிர் அதில் போகும். ஜெனரேட்டருக்குச் செலவழித்த கையோடு, பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் வாங்கி, படுக்கையறைக்கு அருகில் பொருத்திவிடுங்கள்.