மாதவிடாய் வலியும் திக்ரும்: மருத்துவர் பதில்கள்

முதல் நாள் வலியில் சுருண்டு விடுகிறேன். தொழவும் முடியாததால் அல்லாஹ்வை விட்டுத் தூரமாகிவிட்டதுபோல் இருக்கிறது.

அந்த நாட்களில் தொழுகை இல்லை, பிறகு களாவும் (விடுபட்டதை ஈடுசெய்து தொழுவது) இல்லை. ஆனால் திக்ரும் (இறைநினைவு) துஆவும் (பிரார்த்தனை) நிற்பதே இல்லை. ஹஜ் பயணத்தில் மாதவிடாய் வந்து அழுத தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம், இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் தவிர, ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். தொழுகையிலிருந்து கிடைக்கும் இந்த விலக்கு உங்களுக்கான சலுகை. அதைத் தண்டனையாக நினைத்து மனம் வாடாதீர்கள்.

வலிக்கென்றே ஒரு துஆவும் உண்டு. வலிக்கும் இடத்தில் கை வைத்து மூன்று முறை 'பிஸ்மில்லாஹ்', பிறகு ஏழு முறை 'அஊது பில்லாஹி வ குத்ரதிஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிரு'. நான் உணர்கிற, அஞ்சுகிற தீங்கிலிருந்து அல்லாஹ்விடமும் அவன் ஆற்றலிடமும் பாதுகாப்புத் தேடுகிறேன் என்று பொருள்.

திக்ர் செய்தால் உண்மையில் வலி குறையுமா?

வலிக்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அது கருப்பையை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. திக்ர் அந்தச் சுரப்பை நிறுத்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலி வந்ததும் நாம் பயந்து மூச்சைப் பிடித்து, தாடையையும் தொடையையும் இறுக்கிக்கொள்கிறோமே, அதனால் வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியும்.

முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுங்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, பைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துணி. மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். விடும்போது அதைவிட நீளமாக, 'ஸுப்ஹானல்லாஹ்' என்று மனதுக்குள் சொல்லியபடி விடுங்கள். அப்புறம் பாதத்தை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள். அப்படியே கெண்டைக்கால், தொடை, கை, தோள், முகம். பத்து நிமிடம் போதும். எண்ணிக்கை தவறினால் கவலைப்பட வேண்டாம். வலியில்லாத நாட்களிலும் பழகி வையுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

குர்ஆன் ஓதலாமா?

மத்ஹபுகளுக்குள் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்) கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி, ஹனஃபியில் கூடாது, மாலிகியில் அனுமதி. உங்கள் ஆலிமாவிடம் (மார்க்கம் கற்ற பெண் அறிஞர்) கேளுங்கள். காதால் கேட்கத் தடையில்லை.

மாத்திரை போட்டால் பொறுமை இல்லை என்றாகிவிடுமா?

ஆகாது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தான். இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்றவை புரோஸ்டாகிளாண்டினையே குறைப்பவை. வலி தொடங்கியதுமே, சாப்பிட்ட பிறகு போட்டால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

என் மகளுக்கு மாதாமாதம் வலி கூடுகிறது. "எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான்" என்கிறார்கள்.

கூடிக்கொண்டே போகும் வலியை அப்படி விடாதீர்கள். மாதவிடாய் இல்லாத நாளிலும் வலி, மலம் கழிக்கும்போது வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு, காய்ச்சல் என்று எது இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகிறது. வலி வந்த தேதிகளைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அவளையே பேச விடுங்கள்.