நட்சத்திரங்களைத் தொடரும் கேமரா மவுண்ட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா, இல்லை வாங்கிவிடுவது நல்லதா?

முடியும். உங்களிடம் கேமராவும் முக்காலியும் இருக்கின்றன, ஷட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தாலே நட்சத்திரம் கோடாக இழுபடுகிறது, வானத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரின் விலையைப் பார்த்து மலைத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "ரெண்டு பலகைய வச்சு என்னத்த எடுக்கப் போற?" என்று என்னிடமும் கேட்டார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் செய்தது பார்ன் டோர் டிராக்கர். இரண்டு பலகை, ஒரு ஓரத்தில் கீல், எதிர் ஓரத்தில் திருகு. மேல் பலகையில் பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்பிப் பூட்டும் உருண்டைத் தலை), அதன்மேல் கேமரா. திருகைச் சுற்றச் சுற்ற மேல் பலகை கீலில் மெல்லத் திறக்கும், கேமரா வானத்தோடு சேர்ந்து திரும்பும். கீலின் அச்சு வானத் துருவத்தை, அதாவது வடக்கே நட்சத்திரங்கள் சுற்றிவரும் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை சாய்வு. கீல் மேற்குப் பக்கம் இருக்கட்டும். மாற்றி வைத்தால் இழுபடல் இரட்டிப்பாகும்.

எம்6 திருகு (6 மி.மீ. விட்டம்) ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். வானம் ஒரு முழுச்சுற்று வர 24 மணி நேரம் இல்லை, 23 மணி 56 நிமிடம் 4 நொடி. திருகை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், கீலுக்கும் திருகுக்கும் நடுவே 228.6 மி.மீ. வரும். ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும் எம்8 என்றால் 285.7 மி.மீ. கீலின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், உள்ளே ஓடும் கம்பியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும்.

மோட்டார் நான் போடவில்லை. திருகின் தலையில் பழைய சிடி ஒன்றை ஒட்டி, கடிகாரம் மாதிரி 12 கோடு போட்டேன். சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே ஐந்து நொடிக்கு ஒரு கோடு நகர்த்துவேன். முள் ஓடும் வேகத்துக்கு விரல் தானாகப் பழகிவிடும். 24 மி.மீ. அகல லென்ஸில் இரண்டு நிமிடப் படம் புள்ளி புள்ளியாக வந்தது.

நேரான திருகில் டேஞ்சென்ட் பிழை (திருகு ஒரே வேகத்தில் ஏறினாலும் பலகை திறக்கும் வேகம் மெல்ல மாறுவது) வருமே என்று யாராவது கிளம்புவார்கள். வரும், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால்தான் தொல்லை. நான் ஒவ்வொரு படத்துக்கும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறேன். துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை, முக்கால் டிகிரிக்கும் குறைவாகத் தள்ளி இருக்கிறது என்பதும் தெரியும். அகல லென்ஸுக்கு அதையே குறிபார்த்தால் போதும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த பால்வீதிப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், முதல் கேள்வி "எந்த ஃபோன்ல எடுத்தது?" இன்னொரு புண்ணியவான் மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, 'இனிய இரவு' என்று எழுதி எனக்கே அனுப்பினார். சரி, விடுங்கள்.

தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் டிராக்கரை வாங்கிவிடுங்கள், கைத்திருகு அதற்குத் தாங்காது. அகல லென்ஸ் என்றால் செய்யுங்கள். கீலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஆட்டம் காணாத நீளமான பியானோ கீலாக வாங்குங்கள்.