நீராவி ரயிலுக்கு வரிப்பணம் தேவையா?

கேள்வி: அமெரிக்காவில் சில பழைய நீராவி ரயில் பாதைகள் மாநில அரசுகளுக்கே சொந்தமாக இருப்பதாகவும், சுற்றுலாவுக்காக ஓடும் அந்த ரயில்களுக்கு வரிப்பணம் ஒதுக்கப்படுவதாகவும் படித்தேன். விரும்பி ஏறுகிறவர்களிடமே முழுச் செலவையும் கட்டணமாக வசூலிக்கலாமே? பள்ளிகளுக்குப் போக வேண்டிய பணம் ஏன் இதற்குப் போக வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் அதில் இரண்டு வேறு செலவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ரயிலை அன்றாடம் ஓட்டுவதற்கு ஆகும் எரிபொருள், ஊழியர் சம்பளம் போன்றவற்றைப் பயணிகளின் கட்டணம்தான் ஏற்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தண்டவாளம், பாலம், கொதிகலன் ஆகியவற்றைப் புதுப்பிக்கும் செலவோ சொத்தின் உரிமையாளர் ஏற்க வேண்டியது. இங்கே உரிமையாளர் அரசு.

கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களுக்கும் பொதுவான கும்ப்ரெஸ் - டோல்டெக் ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். சான் வான் மலைப்பகுதியின் வெள்ளிச் சுரங்கங்களை நோக்கி 1880இல் போடப்பட்ட மூன்றடி அகலப் பாதை இது. பழைய ரயில் நிறுவனம் இதைக் கைவிட முடிவு செய்தபோது, அன்டோனிட்டோவிலிருந்து சாமா வரையிலான 64 மைல் பாதையையும் ஒன்பது நீராவி இன்ஜின்களையும் சாமா பட்டறையையும் இரு மாநிலங்களும் சேர்ந்து 1970இல் 5,47,120 டாலருக்கு வாங்கின. பாதை மாநில எல்லையைப் பதினொரு முறை கடக்கிறது. ஆகவே ஒரு மாநிலம் தன் பங்கை நிறுத்தினால் மற்றதால் தன் பகுதியை மட்டும் தனியே காப்பாற்றிக்கொள்ள முடியாது.

10,015 அடி உயரக் கணவாயைக் கடக்கும் இந்தப் பாதையில் பனிக்காலத்தில் வழக்கமான பயணிகள் சேவை கிடையாது. வருமானம் வரும் மாதங்கள் குறைவு. ஆனால் உறைபனியும் உருகும் நீரும் பாதையின் அடித்தளத்தை ஆண்டு முழுவதும் அரிக்கின்றன. இங்கு ஓடும் முக்கிய இன்ஜின்கள் 1925இல் பால்ட்வின் ஆலையில் தயாரானவை. அவற்றுக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பட்டறையிலேயே செய்தாக வேண்டும், அல்லது தனியாக வார்த்து வாங்க வேண்டும். மேலும், நீராவி இன்ஜின்களுக்கான கூட்டாட்சி விதிப்படி, 1,472 பணி நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது கொதிகலனைப் பிரித்து முழுமையாகச் சோதிக்க வேண்டும். அந்தப் பெருஞ்செலவு ஒரே ஆண்டின் கணக்கில் வந்து விழும்போது எந்தப் பயணச்சீட்டு விலையாலும் அதை ஈடுகட்ட முடியாது. 2010இல் லோபாட்டோ பாலத்தில் தீப்பிடித்துப் பாதை துண்டிக்கப்பட்டதைப் போன்ற விபத்துகளுக்கும் இதுவே பொருந்தும்.

எனவே என் குறை வரிப்பணம் செலவாவதில் அல்ல, அது ஒதுக்கப்படும் முறையில்தான். பதினைந்து ஆண்டுச் சுழற்சியில் வரும் செலவுக்கு ஆண்டுக்காண்டு சட்டமன்றத்தின் தயவை எதிர்பார்த்து நிற்பதும், பற்றாக்குறை ஆண்டில் ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றுவதைத் தள்ளிப்போடுவதும், பிற்பாடு இரு மடங்கு செலவழிப்பதும் சிக்கனம் ஆகாது. தனியாகப் பூட்டிவைத்த மூலதன நிதி ஒன்று இருக்க வேண்டும். அதன் கணக்கும் பாதையின் நிலை குறித்த ஆய்வறிக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாமல் பணம் கேட்கும் நிர்வாகத்துக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

கேள்வி: தனியாரிடம் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காது அல்லவா?

பதில்: ஓட்டும் பொறுப்பைக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் காஸ் (Cass) என்ற ஊரின் நீராவி ரயிலை 2015 முதல் தனியார் நிறுவனம் நடத்துகிறது. சொத்து மாநிலத்திடமே உள்ளது. கும்ப்ரெஸ் - டோல்டெக் ஓடும் அதே மலைப்பகுதியில் டுராங்கோ - சில்வர்டன் பாதை 1981 முதல் முழுக்கத் தனியாரிடம் நன்றாகவே ஓடுகிறது என்பதும் உண்மை. ஆனால் டுராங்கோ ஏற்கெனவே பயணிகள் திரளும் ஊர். சாமாவும் அன்டோனிட்டோவும் சிற்றூர்கள்; அங்கே விடுதிக்கும் உணவகத்துக்கும் ஆள் வருவதே பெரிதும் ரயிலால்தான். அந்த வருமானத்தில் ரயில் நிறுவனத்துக்குப் பங்கில்லை; விற்பனை வரியாகவும் விடுதி வரியாகவும் அதில் ஒரு பகுதி அரசுக்கே போகிறது. லாபம் தன் கைக்கு வராத சொத்தில் தனியார் முதலாளி எவரும் பாலம் கட்ட மாட்டார்.