பழைய வீட்டின் துளைக்கல் சுவரை அடைத்து, காருக்கு மூடிய அறை கட்டலாமா?

கோலாலம்பூரில் 1960களில் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் கார் பிரியர்கள் பலரும் கேட்பது இது. என் பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள்.

கான்ட்ராக்டர்கள் 'வென்ட் பிளாக்' என்று சொல்லும் இந்தத் துளைக்கல், நடுவில் துளை விட்டு வார்த்த சிமெண்டுக் கல். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். 1965இல் திறக்கப்பட்ட மஸ்ஜிட் நெகாரா என்னும் தேசியப் பள்ளிவாசலிலும் இதே யோசனையில் அமைந்த துளைத் திரைகளைப் பார்க்கலாம்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மழையில் வந்த காரின் சக்கர வளைவிலும் கதவின் அடிமடிப்பிலும் நீர் தங்கும். கதவுக்கு அடியில் உள்ள சிறு வடிகால் துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், ஈரச் சேறு வரும். காற்று ஓடினால் அது காயும்; இல்லையென்றால் தகட்டைத் தின்னும். ஈரத்துணியைக் கொடியில் போடுவதற்கும் வாளியில் மூடி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்புறம், மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

துளை வழியே சாரல் அடித்தால், சுவரை அடைக்காமல் கூரை விளிம்பை நீட்டுங்கள்.

பிளாஸ்டிக் உறை போட்டால் துரு பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.