மகன் கேம் செய்யட்டும், இன்ஜின் வேண்டாம், 85,000 ரூபாயும் வேண்டாம்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகன் பி.சி.ஏ. முதலாண்டு. மீன்பிடி கேம் ஒன்று செய்யப் போகிறேன் என்று ராத்திரி இரண்டு மணிவரை லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். கூடப் படிக்கிற பையன், "ரெடிமேட் டூல்ல செஞ்சா அது கேமே இல்ல, சொந்தமா இன்ஜின் எழுதணும்" என்று ஏற்றிவிட்டிருக்கிறான். பாண்டியில் ஒரு சென்டரில் 6 மாதம் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம், 85,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். முன்பணம் 5,000 கட்டிவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா, தவணையில் போகலாமா? இன்ஜின் என்கிறானே, அது என்ன? எது சரி?

பதில்: அக்கா, முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டிருந்தால் கடைசியில் சொல்கிறேன், அதை இன்றைக்கே செய்யுங்கள்.

இன்ஜின் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஏறுகிற போட்டில் இருக்கிற இன்ஜினை அவர் வார்த்து எடுக்கவில்லை, வாங்கி வைத்தது. தடைக்காலத்தில் அதைக் கழற்றி ஓவராயில் பண்ணுவார்கள், சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்வார்கள், ஆனால் அவர் தொழில் மீன்பிடிப்பது. கேமிலும் அதே கணக்குதான். திரையில் ஒரு படகு நகர்கிறது என்றால், அடியில் ஒரு புரோகிராம் நொடிக்கு 60 தடவை, அதாவது ஏறக்குறைய 16 மில்லி நொடிக்கு ஒருமுறை, விரல் எங்கே பட்டது, படகு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், எது எதன்மேல் மோதியது என்று பார்த்துவிட்டு முழுத் திரையையும் புதிதாக வரைந்து சத்தத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எந்தக் கேமுக்கும் இந்த வேலை பொது. இதை யாராவது ஒழுங்காக எழுதி மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி வைத்துவிட்டால் அதற்குப் பெயர்தான் கேம் இன்ஜின். அந்தக் கூட்டாளி சொல்வது, மீன்பிடிக்கப் போகுமுன் பட்டறை போட்டு இன்ஜினை வார்த்துவிட்டு வா என்பது.

அது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். மகன் சொந்தமாக எழுதுகிறான் என்று வையுங்கள். மீன் வலையில் பட்டால் மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை திரை வரையும்போதும் மீனும் வலையும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றும், மெதுவாகப் போகிற மீனுக்கு அது சரியாகவும் வேலை செய்யும். மீனை வேகமாக விட்டுப் பாருங்கள். ஒரு தடவை வரையும்போது மீன் வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அடுத்த தடவை அந்தப் பக்கம் போய்விட்டது, இடையில் அது வலையின்மேல் இருந்த கணமே புரோகிராமுக்குத் தெரியாது. மீன் வலையை ஊடுருவிப் போய்விடும். இதைச் சரிசெய்ய, மீன் கடந்து வந்த பாதை முழுவதையும் கணக்குப் போட வேண்டும். அதைச் சரிசெய்து முடித்தால், கூட்டாளியின் புதிய கம்ப்யூட்டரில் படகு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்று அடுத்த புகார் வரும். ஒவ்வொன்றும் ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம்.

நான் இதைப் பட்டுத் தெரிந்தவன். லாஸ்பேட்டையில் வாடகை அறை எடுத்து இருந்த காலத்தில் சி பிளஸ் பிளஸில் சொந்த இன்ஜின் எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை வருடம் போனது. இன்ஜின் ஓரளவுக்கு வந்தது, கேம் வரவில்லை. எந்தக் கேமுக்காக உட்கார்ந்தேனோ அதன் ஒரு லெவல்கூட முடியவில்லை. அந்த ஒன்றரை வருடத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன், அதனால்தான் பதினெட்டு வயதுப் பையன் யாராவது இதே வழியில் போகிறான் என்றால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ரெடிமேட் டூலில் செய்தால் கேமே இல்லை என்ற பேச்சுக்கு வருவோம். 2015-இல் வந்து உலகம் முழுக்க விளையாடப்பட்ட அண்டர்டேல், கேம்மேக்கர் என்ற ரெடிமேட் கருவியில் செய்தது. ஸ்டார்டியூ வேலியை ஒரே ஆள் செய்தாரே என்று மகன் கேட்பான். உண்மைதான், எரிக் பரோன் நாலு வருடத்துக்கும் மேல் தனியாக உட்கார்ந்து 2016-இல் வெளியிட்டார், நடுவில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலையும் பார்த்தார். ஆனால் அவரும் சூனியத்தில் இருந்து தொடங்கவில்லை, மைக்ரோசாஃப்ட் கொடுத்த எக்ஸ்என்ஏ என்ற அடித்தளத்தின்மேல்தான் கட்டினார். 2024-இல் வந்த பலாட்ரோவும் அப்படித்தான், லவ் என்ற இலவசக் கட்டுமானத்தின்மேல் லுவா மொழியில் எழுதியது. "சொந்தமாக எழுதினார்கள்" என்று பையன்கள் சொல்கிற கதைகளைத் தோண்டினால் பெரும்பாலும் அடியில் யாரோ போட்ட அஸ்திவாரம் இருக்கும்.

சரி, எந்தக் கருவி? மகன் காலேஜில் புரோகிராமிங் படிக்கிறான், லேப்டாப் புதிதாக இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். கோடாட். இலவசம், மூலநிரல் திறந்தது, அதாவது உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், 2014-இல் பொதுவில் விட்டார்கள். இன்ஸ்டால்கூட வேண்டாம், இறக்கி இரண்டு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும், சின்ன 2டி கேமுக்கு 4 ஜிபி ரேம் உள்ள மெஷினே தாங்கும். பழைய மெஷினில் திணறினால் தொடங்கும்போதே கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவனுக்குப் புரியும். புரோகிராமிங்கே பிடிக்காத பிள்ளையாக இருந்தால் ஜிடெவலப் என்று சொல்லியிருப்பேன், அதில் "இது நடந்தால் அது நடக்கட்டும்" என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அன்ரியல் என்ற பெரிய இன்ஜின் இப்போது வேண்டாம், அந்த லேப்டாப்பில் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

யூனிட்டி என்ற இன்னொரு இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சென்டர்காரர்கள் அதன் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். நல்ல கருவி, வேலைவாய்ப்பும் அதில் இருக்கிறது. ஆனால் 2023 செப்டம்பரில் கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்குவோம் என்று திடீரென்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க கேம் செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள், கடைசியில் ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். இலவசம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் காசு கேட்பார்களோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால் அது நியாயமான பயம்தான். கோடாடில் அந்தப் பயம் இல்லை, கையில் வாங்கிய பதிப்புக்கு எவரும் பின்னால் வந்து காசு கேட்க முடியாதபடி அதன் உரிமம் இருக்கிறது.

எந்தக் கருவியாக இருந்தாலும் பிள்ளை பழகிக்கொள்வான் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, நம் ஊரில் எவரும் அதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழ் எழுத்து. மகன் செய்வது மீன்பிடி கேம், அதில் காற்று வர வேண்டும், அப்பாவிடம் கேட்டு "கொண்டல்" என்று எழுதுவான். அந்தச் சொல்லில் முதல் எழுத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் 'க' முதலில் இருக்கும், 'ஒ' குறி அதற்கு அப்புறம் இருக்கும். ஆனால் திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு இடது பக்கமும் கால் வலது பக்கமும் போய் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது, எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் போதும், அதனால் நிறையக் கருவிகளில் இதைப் பற்றிப் பல வருடம் யாரும் கவலைப்படவில்லை. யூனிட்டியில் திரையில் எழுத்துக் காட்ட எல்லோரும் பயன்படுத்துகிற டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழ் போட்டுப் பார்த்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கு', 'மு' எல்லாம் துண்டாகத் தெரியும். சொந்த இன்ஜின் எழுதினால் இந்தப் பாடு முழுவதும் மகன் தலையில். கோடாடில் 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில் இருந்து தமிழ் ஒழுங்காக வருகிறது, ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பைச் சேர்த்தால் போதும். அதற்கு முந்தைய 3-ஆம் பதிப்பில் வராது, பழைய வீடியோவைப் பார்த்து அதை இறக்கிவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜிடெவலப் எழுத்து வரைவதை பிரவுசரிடமே விட்டுவிடுவதால் அதிலும் சாதாரண டெக்ஸ்டில் தமிழ் வரும். வேறு கருவிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வாங்குமுன் "கொண்டல்" என்று ஒரே ஒரு சொல்லை அதில் அடித்துப் பார்க்கட்டும். உடைந்து வந்தால் ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்து ஒட்ட வேண்டியதுதான், முப்பது சொல் என்றால் செய்யலாம், கதை முழுவதும் என்றால் முடியாது.

இப்போது அந்த சென்டர். கேம் சொல்லித்தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கிற இடங்களில் படித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வில்லியனூர் பக்கம் இருந்து ஒரு பையன் வந்தான், கையில் லேமினேட் செய்த சான்றிதழ். நீ முடித்த கேம் ஒன்றைக் காட்டு என்றேன். ஃபோனை எடுத்து ஒன்றைக் காட்டினான், தங்கக் காசு பொறுக்கி ஓடுகிற கேம். அதே கேமை, அதே மரம் அதே காசு அதே சத்தத்தோடு, அதற்கு முந்தைய வாரம் வேறொரு பிள்ளையின் ஃபோனில் பார்த்திருந்தேன். இணையத்தில் சில ஆயிரத்துக்கு விற்கிற டெம்ப்ளேட்டை வாங்கி, வகுப்பில் எல்லோருக்கும் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அப்பா அதற்கு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை உறுதி என்கிறார்களே, அதை எழுதித் தரச் சொல்லுங்கள், எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று. எழுதித் தர மாட்டார்கள்.

இவர்கள் முளைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இன்றைக்கும் பல காலேஜ் லேபில் பிள்ளைகள் டர்போ சி நீலத் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் பழைய டாஸ் காலத்துக் கம்பைலர் அது. ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டு எழுதி கையெழுத்து வாங்க வைக்கிறார்கள், கடைசி வருட புராஜெக்டைக் கடையில் வாங்கிக் கொடுத்தாலும் மார்க் போடுகிறார்கள். ஆசையோடு வருகிற பிள்ளைக்கு உள்ளே ஒன்றும் கிடைக்காதபோது அவன் வெளியே சென்டரைத் தேடாமல் என்ன செய்வான்? இதைக் கேட்க ஆளே இல்லை.

இன்னொரு வகைத் தரகர் கேம் முடிந்த பிறகு வருவார். "பிளே ஸ்டோரில் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்பார். அவர் கணக்கில் போட்டால் கேம் அவருடையது மாதிரிதான், விளம்பரக் காசும் அவருக்குத்தான் போகும். கணக்கு மகன் பெயரில் இருக்க வேண்டும், வாழ்நாளுக்கு ஒரே தடவை 25 டாலர், அவ்வளவுதான். கேமில் கையெழுத்துப் போடுகிற சாவிக் கோப்பு ஒன்று உண்டு, அதை பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளட்டும், எவரிடமும் கொடுக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குகிற தனிநபர் கணக்கில் 12 பேர் தொடர்ந்து 14 நாள் கேமைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட அனுமதி கேட்க முடியும். இந்த 12 பேரைக் காசுக்குப் பிடித்துத் தருகிறோம் என்றும் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பிள்ளைகளில் 12 பேரிடம் ஆண்ட்ராய்டு ஃபோன் இருக்காதா? மீன்பிடி கேமைச் சோதிக்க அவர்களைவிட நல்ல ஆள் யார் கிடைப்பார்கள்?

மகனுக்கு ஒரு அளவு சொல்லுங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள், அப்பாவும் கரையில் இருப்பார். அந்த 61 நாளுக்குள் ஒரே திரை, ஒரு படகு, ஒரு வலை, மூன்று வகை மீன், இரண்டு காற்று. அதற்குமேல் எதுவும் சேர்க்கக் கூடாது. வலை போடுகிற விதம் சரியா என்று அப்பா பார்த்துச் சொல்லட்டும். ஒன்று முடித்த பிறகும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அப்போது ராய்லிப் என்ற சின்ன புரோகிராம் தொகுப்பை எடுத்து அதே கேமைத் திரும்ப எழுதிப் பார்க்கட்டும், நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

கடைசியாக அந்தப் படிவம். சென்டர்காரர் தவணை என்று சொல்வது பெரும்பாலும் தவணை இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிடம் உங்கள் பெயரில் வாங்குகிற கடன். சென்டருக்கு முழுப் பணமும் முதலிலேயே போய்விடும், மகன் இரண்டாம் மாதமே நின்றுவிட்டாலும் உங்கள் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பிடிப்பார்கள். ஆதார், பான், கேன்சல் என்று கோடு போட்ட காசோலை இதில் எதையாவது கொடுத்திருக்கிறீர்களா, ஃபோனில் வந்த ஓடிபி எதையாவது சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கொடுத்திருந்தால், சேர விருப்பமில்லை, கடன் விண்ணப்பத்தை ரத்து செய்யுங்கள் என்று தேதியோடு எழுதி சென்டருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு நேரில் போய், மாதாமாதம் பிடிக்க யாருக்காவது அனுமதி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் நிறுத்தச் சொல்லி மனு கொடுங்கள். கொடுத்த 5,000-ஐயும் அதே கடிதத்தில் திருப்பிக் கேளுங்கள். திரும்பி வராமலும் போகலாம், ஆனால் அதற்காக மீதி 80,000-ஐக் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள்.